வடசென்னை மாடியில் ஆடாதொடை: இலை நல்லதுதான், மண் எப்படி?

மழை விட்டுப் பனி இறங்கும் மாதங்களில் எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை இருமல் சத்தம் கேட்காத தெரு கிடையாது. இந்தப் பகுதிக்கு அது புதிதும் இல்லை. ஆனால் 2025 செப்டம்பர், அக்டோபருக்குப் பிறகு ஒரு மாற்றம் வந்திருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் இருமல் மருந்து குடித்த சின்னக் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த மருந்து தயாரானது நமக்குப் பக்கத்தில், காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்திருந்தது தெரியவந்தது. இரண்டு வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகள் கூடாது, ஐந்து வயதுக்குக் கீழேயும் பொதுவாக அவை வேண்டாம் என்று மத்திய சுகாதாரத் துறை அறிவுறுத்தியது. அதற்கப்புறம் பாட்டில் மருந்தைக் கண்டாலே தயங்கும் தாய்மார்கள் அதிகமாகிவிட்டார்கள். ஆயா சொன்ன கஷாயத்துக்கே திரும்பிவிடலாமா என்ற கேள்வி பல வீடுகளில் எழுகிறது.

கேள்வி நியாயமானது. ஆனால் வடசென்னையில் இதற்குப் பதில் சொல்ல, எந்த மூலிகை நல்லது என்று தெரிந்தால் மட்டும் போதாது. அந்த மூலிகை எந்த மண்ணில், எந்தத் தண்ணீரில், எந்தக் காற்றில் வளர்ந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். திருநெல்வேலிப் பக்கம் வேலியோரத்தில் பறித்த இலையும் மணலியில் வேலியோரத்தில் பறித்த இலையும் ஒன்றல்ல.

நம் மாடிகளில் கற்பூரவல்லி இல்லாத வீடு குறைவு. துளசியும் அப்படித்தான். இருமலுக்கென்றே சித்த மருத்துவம் முதல் வரிசையில் வைக்கும் ஆடாதொடை மட்டும் இங்கே அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை. அது எனக்கு வருத்தம். ஏனென்றால் இந்த ஊருக்கு ஏற்ற செடி அது. வெயிலைத் தாங்கும், ஒரு வாரம் மறந்துபோனாலும் செத்துவிடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதை ஆடு தின்னாது. காசிமேட்டிலோ புதுவண்ணாரப்பேட்டையிலோ வாசலில் செடி வைத்தவர்களுக்கு இதன் அருமை புரியும். செம்பருத்தியை ஒரே காலையில் குச்சியாக்கிவிட்டுப் போகும் ஆடுகள் ஆடாதொடை இலையை முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். மாடும் தொடாது. பூச்சியும் பெரிதாக வராது. இலையைக் கசக்கினால் வரும் அந்தப் பச்சை நெடியும் நாக்கில் ஒட்டிக்கொள்ளும் கசப்பும்தான் அதற்குக் காவல்.

செடியை அடையாளம் காண்பது சுலபம். இரண்டு இரண்டாக எதிரெதிரே அமைந்த, மா இலையைவிட மெல்லிய, நுனி கூர்ந்த நீண்ட இலைகள். தண்டின் கணுக்கள் சற்றுப் புடைத்திருக்கும். விட்டால் ஆள் உயரத்தையும் தாண்டும். பனிக்காலத்தில் கிளை நுனிகளில் கதிர்போல் வெள்ளைப் பூ வரும்; கீழுதட்டில் ஊதாக் கோடுகள் இருக்கும். கனகாம்பரம், டிசம்பர் பூ, நிலவேம்பு எல்லாம் இதே குடும்பம்தான். தாவரவியலில் ஜஸ்டிசியா அதாதோடா என்று பெயர். பழைய நூல்களில் அதாதோடா வாசிகா என்று இருக்கும். 2020-ல் கொரோனா நேரத்தில் மாநகராட்சி தெருத்தெருவாகக் கொடுத்த கபசுரக் குடிநீரின் பதினைந்து சரக்குகளில் ஆடாதொடை இலையும் ஒன்று. ஆகவே பெயர் தெரியாமலே நம்மில் பலர் அதைக் குடித்திருக்கிறோம்.

"ஆடாதொடைக்குப் பாடாத நாவும் பாடும்" என்று பழமொழி உண்டு. கட்டிய தொண்டையைத் திறந்துவிடும் என்ற அனுபவம்தான் அப்படிப் பழமொழியாகியிருக்கிறது. அந்த அனுபவத்துக்குப் பின்னால் வேதியியலும் இருக்கிறது. நீலகிரியில் அரசுப் பணியில் இருந்த டேவிட் ஹூப்பர் என்ற வேதியியலாளர் 1888-ல் இந்த இலையிலிருந்து ஒரு வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தார். வாசிசின் என்று அதற்குப் பெயர். மூச்சுக்குழாயைச் சற்று விரியவைக்கும் தன்மை அதற்கு உண்டு என்று பின்னாளில் தெரிந்தது. அந்த மூலக்கூறின் அமைப்பை முன்மாதிரியாக வைத்து ஜெர்மனியில் உருவாக்கப்பட்டதுதான் புரோம்ஹெக்சின். 1963-ல் விற்பனைக்கு வந்தது. கெட்டியான சளியை நீர்க்கச் செய்து, இருமினால் வெளியே வரும்படி ஆக்குவது அதன் வேலை. புரோம்ஹெக்சின் உடலுக்குள் போய் மாறும் வடிவம்தான் அம்ப்ராக்சால். இன்றைக்கு மருந்துக்கடையில் சளி இருமலுக்குக் கொடுக்கும் பல பாட்டில்களைத் திருப்பிப் பார்த்தால் இந்த இரண்டு பெயர்களில் ஒன்று கண்ணில் படும். ஆடாதொடையின் வழியில் வந்த மருந்தைத்தான் நாம் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

இதைச் சொன்னவுடன் "அப்போ இலையே போதுமே" என்று முடிவுகட்டிவிடக் கூடாது. புரோம்ஹெக்சினுக்குக் கிடைத்த நற்சான்று இலைக்கும் அப்படியே பொருந்தாது. மாத்திரையில் எட்டு மில்லிகிராம் என்றால் எட்டு மில்லிகிராம்தான். இலையில் அப்படி அளவு நிற்காது. செடியின் வயது, பருவம், மண், பறித்த நேரம் எல்லாவற்றுக்கும் ஏற்ப வாசிசின் அளவு கூடும், குறையும். இலையை மட்டும் வைத்து மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் சிறியவை. சளி இளகும், தொண்டை சுகப்படும் என்ற அளவுக்கு அதை நம்பலாம். நிமோனியாவையோ ஆஸ்துமாவையோ அதன் கையில் ஒப்படைக்க முடியாது.

சரி, இப்போது மண்ணுக்கு வருவோம். வடசென்னைக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய பகுதி இதுதான்.

எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-லிருந்து 2017 வரை ஓடியது. அத்திப்பட்டிலும் வல்லூரிலும் இருக்கும் நிலையங்கள் இன்றும் ஓடுகின்றன. நிலக்கரி எரிந்து மிஞ்சும் சாம்பலில் ஆர்செனிக், காரீயம், குரோமியம், காட்மியம் போன்றவை சிறிய அளவில் இருக்கும். சாம்பலைக் குழம்பாக்கி எடுத்துச்செல்லும் குழாய்கள் கசிந்து கொசஸ்தலை ஆற்றிலும் ஈர நிலங்களிலும் படிந்திருப்பதை எண்ணூர் மீனவர்கள் பல வருடங்களாகச் சொல்லிவருகிறார்கள். மணலியை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-லேயே கடுமையாக மாசடைந்த தொழிற்பகுதிகளின் பட்டியலில் சேர்த்தது. கொடுங்கையூர்க் குப்பைமேடு தீப்பிடித்தால் வியாசர்பாடி வரை புகை வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் வந்து எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய குடியிருப்புகளின் சுவர்களில் கறுப்புக் கோடு போட்டுவிட்டுப் போனது. அந்தக் கோடு எந்த உயரம் வரை ஏறியதோ, அதற்குக் கீழே இருந்த தரை மண்ணும் அதைக் குடித்திருக்கும்.

செடிக்கு எது மருந்து, எது நஞ்சு என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. காட்மியம் வேர் வழியாக எளிதாக ஏறி இலைக்குப் போய்ச் சேரும். காரீயம் கொஞ்சம் வேறு மாதிரி. அது பெரும்பாலும் வேரோடு நின்றுவிடும்; இலையில் இருப்பது அதிகமும் தூசியாகப் படிந்ததும் மழைத்துளி தெறித்து ஒட்டிய மண்ணும்தான். ஆகவே காரீயத்தைக் கழுவிக் குறைக்கலாம், காட்மியத்தைக் கழுவ முடியாது. மூலிகை மருந்துகளுக்கு இந்திய அரசு வைத்திருக்கும் வரம்பைப் பார்த்தாலே இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் புரியும். காரீயம் பத்து லட்சத்தில் 10 பங்கு வரை அனுமதி, ஆர்செனிக் 3, பாதரசம் 1, காட்மியம் வெறும் 0.3. கஷாயமாகக் காய்ச்சும்போது நாம் ஒரு பிடி இலையின் சத்தை ஒரு டம்ளருக்குள் இறக்குகிறோம். இலையில் வேண்டாதது ஏதாவது இருந்தால் அதுவும் அதோடு இறங்கும்.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். எர்ணாவூரிலோ கத்திவாக்கத்திலோ மாடியில் நிற்கும் ஏதாவது ஒரு அகல இலையை, மழை இல்லாத ஒரு வாரம் கழித்து, ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு முறை அழுத்தித் துடைத்துப் பாருங்கள். துணியில் மையிட்ட மாதிரி கறுப்புப் பட்டை விழும். மாதவரம் பால்பண்ணைப் பக்கம் அதே துணி பழுப்பாக இருக்கும், அது சாலைத் தூசி. துணியில் கறுப்பு விழும் தெருவில் வசிப்பவர்கள் தெருவைப் பார்த்த வாசல் பக்கத்தை விட்டுவிட்டு, மாடியில் கைப்பிடிச் சுவருக்கு உள்பக்கமாக, காற்று நேராக அடிக்காத மூலையில் செடியை வைக்கலாம். பறிப்பதற்கு முதல் நாள் மாலையில் செடி முழுவதும் தண்ணீர் தெளித்துக் கழுவிவிட்டு, மறுநாள் பறித்த இலையை மறுபடி இரண்டு தண்ணீரில் அலசினால் மேலே படிந்தது பெருமளவு போய்விடும்.

எனவே தரையில் வேண்டாம், தொட்டியில் வையுங்கள் என்பதுதான் என் உறுதியான கருத்து. வாசல் பள்ளத்தை மேடாக்க லாரியில் வாங்கி அடித்த மண் இருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. இடித்த கட்டடத்தின் காரையும் சாம்பலும் அதில் கலந்திருக்கலாம். பழைய சுவர் ஓரத்து மண்ணும் சந்தேகத்துக்கு உரியதுதான். வீட்டுப் பெயின்ட்டில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயின்ட் உரிந்து விழுந்த இடம் எல்லாம் கேள்விக்குறிதான். படகுக்கு அடிக்கும் பெயின்ட் வந்த டப்பாவில் எந்த மூலிகையும் வைக்கவே கூடாது. காசிமேட்டில் மீன் வரும் தெர்மாகோல் பெட்டியில் நிறையப் பேர் செடி வைக்கிறார்கள். கீரைக்குச் சரிப்படும், ஆனால் வெயிலில் அது பொடிந்து மண்ணோடு கலக்கும். ஆடாதொடைக்கு அந்த ஆழமும் போதாது. இருபது லிட்டர் எண்ணெய் வாளி, ஊறுகாய் வாளி போன்ற உணவுப் பொருள் வந்த பாத்திரங்கள் நல்லவை. அடியில் விரல் நுழையும் அளவுக்கு நான்கைந்து ஓட்டை போட்டால் போதும்.

மண்கலவைக்குச் செம்மண் இரண்டு பங்கு, நன்றாக மட்கிய சாண உரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு என்று எடுத்துக்கொள்ளலாம். நார்க்கழிவில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று முறை தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்துவிட வேண்டும். கடற்கரை மணலைத் தொடவே வேண்டாம். மட்கு உரம் தாராளமாக இருப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு: மண்ணில் காரீயம் ஏதாவது இருந்தாலும் அதைப் பிடித்துவைத்து வேருக்குப் போகாமல் தடுக்கும்.

தண்ணீர்தான் அடுத்த தலைவலி. மீஞ்சூர்ப் பக்கம் பல பத்தாண்டுகளாக நிலத்தடி நீரை அளவுக்கு மிஞ்சி உறிஞ்சியதில் கடல்நீர் உள்ளே புகுந்துவிட்டது. அதே மீஞ்சூர்ப் பக்கம், காட்டுப்பள்ளியில்தான் 2010-ல் நாளைக்குப் பத்து கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறந்தார்கள். திருவொற்றியூரிலும் தண்டையார்பேட்டையிலும் போர் தண்ணீர் பல தெருக்களில் உப்புக் கரிக்கும். அதை ஊற்றினால் முதலில் இலை ஓரம் கருகும், பிறகு தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்து நிற்கும். ஆர்.ஓ. எந்திரத்திலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீர் வீணாகிறதே என்று செடிக்கு ஊற்றுகிறவர்கள் உண்டு. நல்ல எண்ணம்தான், ஆனால் போர் தண்ணீரைவிட அதில் உப்பு அதிகம். வீடு கழுவ வைத்துக்கொள்ளலாம். மெட்ரோ தண்ணீரை ஒரு ராத்திரி திறந்த குடத்தில் வைத்துவிட்டு ஊற்றுவது நல்லது. மழைக்காலத்தில் முதல் இரண்டு மழையை ஓடவிட்டு அப்புறம் மாடித் தண்ணீரைப் பிடித்துவைத்தால் அதைவிட நல்லது வேறில்லை. பெருமழை தொட்டி மண்ணில் சேர்ந்த உப்பையும் கழுவிக்கொண்டு போய்விடும்.

நடுவதற்கு விதை தேட வேண்டாம், குச்சி போதும். பென்சில் கனத்துக்கு முற்றிய தண்டை மூன்று கணு இருக்கும்படி ஒரு சாண் நீளம் வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி சற்றுச் சாய்த்து நட வேண்டும். ஆடியில் முதல் தூறல் விழும் நேரமும், ஐப்பசிக்கு முந்தின வாரங்களும் ஏற்ற பருவம். சித்திரை வெயிலில் நட்டால் துளிர்த்துவிட்டுக் காயும். வேர் பிடிக்கும்வரை நிழல், பிறகு அரை நாள் வெயில். தண்ணீர் தேங்கினால் மட்டும் தாங்காது, வேர் அழுகிவிடும். முதல் ஆறு மாதம் இலை பறிக்காமல் விடுங்கள். அதன்பிறகு நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை அடர்ந்து வரும். வருடத்துக்கு ஒரு தடவை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டாலும் மறுபடி தழைக்கும். குச்சி கிடைக்காதவர்கள் செங்குன்றம் போகும் சாலையோரத்து நர்சரிகளில் விசாரிக்கலாம். உலர்ந்த இலைதான் வேண்டுமென்றால் பூக்கடைப் பக்கம் ராசப்ப செட்டித் தெரு நாட்டு மருந்துக் கடைகள் இருக்கின்றன. அங்கே பொடியாக வாங்குவதைவிட இலையாக வாங்கினால், என்ன வாங்குகிறோம் என்று கண்ணாலேயே பார்க்க முடியும்.

பயன்படுத்தும் முறைக்கு வருவோம். பெரியவர்களுக்கு, முற்றிய இலை மூன்று நான்கை நடு நரம்பு நீக்கிக் கிள்ளிப் போட்டு, நான்கைந்து மிளகைத் தட்டிச் சேர்த்து, சிறு துண்டு அதிமதுரத்தையும் இட்டு, இரண்டு டம்ளர் தண்ணீர் அரை டம்ளராக வற்றும்வரை மெல்லிய தீயில் காய்ச்சி வடிகட்டினால் அதுதான் வீட்டுக் கஷாயம். சூடு ஆறியபின் தேன் சேர்த்துக் காலையில் பாதி, மாலையில் பாதி. மூன்று நாள் குடித்துப் பார்க்கலாம், அதற்குள் சளி இளகவில்லை என்றால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். பச்சை இலையை இடித்தால் சாறு எளிதில் வராது. இட்லிப் பானையில் ஐந்து நிமிடம் ஆவியில் வாட்டிப் பிழிந்தால் இலை குழைந்து கரும்பச்சைச் சாறு இறங்கும். ஒரு தேக்கரண்டி சாறுக்கு ஒரு தேக்கரண்டி தேன். கசப்பு ஒத்துவராதவர்களுக்கு ஆடாதொடை மணப்பாகு இருக்கிறது. சர்க்கரைப் பாகாகக் காய்ச்சிய சித்த மருந்து. அரும்பாக்கம் அண்ணா இந்திய மருத்துவமனையிலும் தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலும் மருத்துவரைப் பார்த்துக் கேட்கலாம். அளவு மீறினால் குமட்டும், வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். உடம்பு அப்படிச் சொல்லும்போது கேட்டுக்கொள்ள வேண்டும்.

கர்ப்பிணிகள் இந்த இலையைத் தொடக் கூடாது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். வாசிசின் கருப்பையைச் சுருங்கவைக்கும். கருவைக் கலைக்கும் ஆபத்து உண்டு. "இலைதானே, என்ன செய்துவிடப் போகிறது" என்று மாமியாரோ பக்கத்து வீட்டு அக்காவோ அன்பாகக் கஷாயம் வைத்துக் கொடுக்கும்போது, வேண்டாம் என்று சொல்ல மருமகளுக்குக் கூச்சமாக இருக்கும். அந்த வீட்டில் இருக்கும் மற்றவர்கள் சொல்ல வேண்டும். கபசுரக் குடிநீரிலும் இது இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். குழந்தை உண்டாக வாய்ப்புள்ள நாட்களிலும் தவிர்ப்பது நல்லது. சிறு குழந்தைகளுக்கு வீட்டிலேயே அளவு போட்டுக் கொடுக்க வேண்டாம். பாட்டில் மருந்துக்குப் பயந்து அளவு தெரியாத சாற்றுக்குப் போவது தப்பித்தல் ஆகாது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனும் கூடாது, நரம்பைத் தாக்கும் கிருமியின் வித்துகள் அதில் இருக்கக்கூடும். அந்த வயதில் மூச்சு வாங்கினால், பால் குடிக்க மறுத்தால், உடனே மருத்துவமனைதான்.

ஸ்டான்லி மருத்துவமனையின் வரிசையில் நின்று நேரம் போவதைவிட வீட்டில் கஷாயம் வைப்பது எளிது என்று நினைக்கிறவர்களின் சிரமம் எனக்குப் புரிகிறது. தினக்கூலிக்காரர் ஒரு நாள் போனால் அன்றைய அடுப்பு போச்சு. ஆனாலும் ஒரு எல்லை இருக்கிறது. இரண்டு வாரம் தாண்டிய இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவது, சளியில் ரத்தம். இவற்றில் எது வந்தாலும் காசநோய்ப் பரிசோதனை செய்தாக வேண்டும். நெரிசலான வீடுகள் அதிகமுள்ள வடசென்னைக்கு இது ரொம்பவே பொருந்தும். ரத்தம் கலந்த சளிக்கு ஆடாதொடை கைகண்ட மருந்து என்று பழைய வைத்திய முறைகளில் பெயர் உண்டு. அந்தப் பெயரே இங்கே ஆபத்தாகிவிடுகிறது. இருமல் சற்று அடங்கியதும் குணமாகிவிட்டது என்று நினைத்து மாதக்கணக்கில் தள்ளிப்போடுவார்கள், அதற்குள் நோய் வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் பரவிவிடும்.

காசநோய்க்கு மருந்து எடுக்க வேலை, வீடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு எங்கேயோ போய்ப் படுக்க வேண்டியிருக்குமோ என்ற பயமும் தேவையில்லை. அந்தப் பயத்தை உலகத்துக்கே போக்கியது இந்த ஊர்தான். சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், சென்னையின் ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியம் என்ற, தங்கிச் சிகிச்சை பெறும் காசநோய் மருத்துவமனையிலும் மறுபகுதியினரை அவர்கள் வீட்டிலேயே வைத்தும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. வீட்டில் சாப்பாடு குறைவு, இடம் நெருக்கடி, ஓய்வும் இல்லை. ஆனாலும் வீட்டுச் சிகிச்சை சானடோரியத்துக்குக் குறையாமல் பலன் தந்தது, கூட இருந்தவர்களுக்கும் அதனால் கூடுதல் ஆபத்து வரவில்லை. 1959-ல் வெளிவந்த அந்த முடிவுதான் உலகம் முழுவதும் காசநோயாளிகளை வீட்டிலிருந்தபடியே குணப்படுத்தும் முறைக்கு வழிவிட்டது. இன்று தெருவுக்குப் பக்கத்தில் இருக்கும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனைக்கும் மருந்துக்கும் காசு வாங்குவதில்லை. போகும்போது வீட்டில் என்ன கஷாயம் குடித்தீர்கள், எத்தனை நாள் குடித்தீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நோய் எப்போது தொடங்கியது என்று மருத்துவர் கணக்குப்போட அது உதவும்.